எண்டோமெட்ரியோசிஸ் மருத்துவ ஆய்வில் சேருவது எப்படி: தேடலில் தொடங்கி முடிவு கைக்கு வரும்வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் ஆய்வுத் தகவல் தாள் என் கைக்கு வந்தபோது, அறுவைச் சிகிச்சைக்கான பச்சை உடையைப் போட்டுக்கொண்டு படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் முக்கால் மணி நேரத்தில் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு உள்ளே கேமரா விட்டுச் செய்யும் அறுவை. தாள் 14 பக்கம். "எடுக்கிற திசுவில் கொஞ்சம் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வோம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்" என்றார் வந்தவர். எங்கே படிப்பது? பசி, பயம், கையில் ஊசி. போட்டுக் கொடுத்துவிட்டேன். எந்தத் திசு, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், என் மரபணுவைப் பார்ப்பார்களா, எதுவும் தெரியாது. கொடுத்ததற்காக இன்றுவரை வருத்தமில்லை. தெரியாமல் கொடுத்தேனே என்ற வருத்தம் மட்டும் இருக்கிறது. அந்தத் தாள் நாலு நாள் முன்பே என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு மாத்திரை ஆய்வில் முழுதாகக் கலந்துகொண்டேன். இன்னொன்றில் தகுதித் தேர்விலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். இந்த மூன்று அனுபவத்தில் கற்றதையும் அதன்பின் தேடிப் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவருக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்காக எழுதியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: ஆய்வு வேறு, சிகிச்சை வேறு

உலகில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்த நோய். நோய் இதுதான் என்று கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகிறது. முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. இத்தனை வருடம் "பீரியட்ஸ் வலிதானே, எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவளிடம் "புதிய சிகிச்சைக்கான ஆய்வு" என்று ஒருவர் வந்து சொன்னால், காதில் விழுவது "புதிய சிகிச்சை" மட்டும்தான். எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

ஆனால் ஆய்வு உங்களுக்காக நடப்பதில்லை. ஒரு கேள்விக்கு விடை காண நடக்கிறது. மருத்துவர் சிகிச்சை கொடுக்கும்போது உங்களுக்கு எது நல்லது என்று பார்த்து மருந்தின் அளவைக் கூட்டுவார், குறைப்பார், மாற்றுவார். ஆய்வில் அந்தச் சுதந்திரம் குறைவு. எல்லாருக்கும் ஒரே திட்டம், ஒரே அளவு, ஒரே கால அட்டவணை. உங்களுக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சேரும் முன் கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எனக்கு எந்த மாற்றமும் இல்லாமல் 6 மாதம் போனால் தாங்குவேனா? தாங்க முடியாது என்றால் இப்போதைக்கு வேண்டாம். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

எந்த மாதிரி ஆய்வு என்று பாருங்கள்

"கிளினிக்கல் ட்ரையல்" என்றதும் மாத்திரைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். என் அம்மாவுக்குச் சோதனை எலி நினைவுக்கு வந்தது. உண்மையில் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் உங்களிடம் கேட்பது ஒவ்வொரு விதம்.

மிக எளியது கேள்வித்தாள் ஆய்வு. வீட்டில் உட்கார்ந்தே நிரப்பலாம். இஎச்பி-30 என்ற கேள்வித்தாளை அடிக்கடி பார்ப்பீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கென்றே உருவாக்கிய 30 கேள்விகள். வலியால் நிற்க முடியவில்லையா, அழுகை வந்ததா, மற்றவர்களுக்குப் புரியவில்லை என்று தோன்றியதா என்று கேட்கும். முதல்முறை நிரப்பியபோது, என் மனதுக்குள் இருந்ததை யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்களே என்று தொண்டை அடைத்தது.

அடுத்தது மாதிரி சேகரிப்பு: ரத்தம், உமிழ்நீர், சிறுநீர், அறுவையில் எடுக்கும் திசு. நியூயார்க்கில் ரோஸ் என்ற ஆய்வு மாதவிடாய் ரத்தத்தையே சேகரித்து, அதிலிருந்து நோயை அறிய முடியுமா என்று பார்க்கிறது. பிரான்சில் உமிழ்நீரில் உள்ள நுண் ஆர்என்ஏக்களை வைத்து ஒரு பரிசோதனையை உருவாக்கியிருக்கிறார்கள். வெவ்வேறு இடங்களில் எடுத்த மாதிரிகளை ஒப்பிட வேண்டுமானால் எல்லாரும் ஒரே முறையில் எடுக்க வேண்டுமே, அதற்காக 2014-இல் இஃபெக்ட் என்ற பொது விதிமுறைகள் வந்தன. ஒரு குழாய் ரத்தம் கொடுப்பதால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு, நோயுள்ள 60,674 பெண்களையும் நோயில்லாத 7,01,926 பேரையும் ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள 42 இடங்களை அடையாளம் கண்டது. அவற்றில் பல, வலியை உணர்வதோடும் தொடர்புடையவை. ஆனால் அதில் இருந்தவர்கள் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களின் குழாய் அந்தத் தட்டில் இல்லை. எனக்கு இது மனதை உறுத்துகிறது.

மூன்றாவது மருந்து ஆய்வு. முதல் கட்டம் பாதுகாப்பைப் பார்க்கச் சில பத்துப் பேரோடு நடக்கும். இரண்டாம் கட்டம் எந்த அளவு வேலை செய்கிறது என்று பார்க்கும். மூன்றாம் கட்டம் நூற்றுக்கணக்கானவர்களோடு, போலி மருந்தோடோ (பார்க்க மருந்துபோலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது) ஏற்கெனவே உள்ள மருந்தோடோ ஒப்பிடும். நான்காவது, மருந்து விற்பனைக்கு வந்த பிறகான கண்காணிப்பு. எத்தனையாவது கட்டம் என்று கேட்காமல் எதிலும் சேராதீர்கள். அந்த எண்ணை வைத்தே, அந்த மருந்தைப் பற்றி இதுவரை எவ்வளவு தெரியும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

நான்காவது அறுவைச் சிகிச்சை ஆய்வு. இதில்தான் நிறையப் பேர் திகைத்துப்போவார்கள். பிரிட்டனில் எஸ்ப்ரிட்2 என்று ஒன்று. வயிற்று உள்ளுறையின் மேற்பரப்பில் மட்டும் நோய் உள்ள பெண்களுக்கு, லேப்ராஸ்கோபியில் அந்தப் புள்ளிகளை நீக்குவது நல்லதா, நீக்காமல் விடுவது நல்லதா என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்கிறது. "கண்ணால் பார்த்த பிறகும் எடுக்காமல் விடுவார்களா?" என்று கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. அந்த வகை நோயில் எடுப்பதால் வலி குறைகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை, அதனால்தான் இந்த ஆய்வே நடக்கிறது. எது நல்லது என்று மருத்துவ உலகத்துக்கு உண்மையிலேயே தெரியாதபோதுதான் குலுக்கல் நியாயமாகிறது. ஏற்கெனவே தெரியுமென்றால் அது நியாயமே அல்ல.

ஃபைலைத் தயார் செய்யுங்கள்

ஆய்வுக் குழுவிடம் பேசும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். லேப்ராஸ்கோபி செய்திருந்தால் அறுவைக் குறிப்பு, உள்ளே எடுத்த படங்கள், திசுப் பரிசோதனை முடிவு. டிஸ்சார்ஜ் சுருக்கம் மட்டும் போதாது. அதில் "எண்டோமெட்ரியோசிஸ், நிலை 3" என்று ஒரு வரிதான் இருக்கும். மேற்பரப்பு நோயா, சினைப்பையில் சாக்லேட் கட்டியா (பழைய ரத்தம் தேங்கிய கட்டி), ஆழமாக ஊடுருவியதா, குடல் ஒட்டியிருந்ததா என்பதெல்லாம் அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். ஆய்வுகளுக்கு அதுதான் வேண்டும். இந்த நிலை எண்கள் வலியின் அளவைச் சொல்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நிலை 1-இல் நடக்க முடியாதவர்களும் உண்டு, நிலை 4-இல் வலியே தெரியாதவர்களும் உண்டு.

அறுவை செய்யவில்லையா? கவலை வேண்டாம். ஐரோப்பியக் கருவள மருத்துவச் சங்கமான எஷ்ரேயின் 2022 வழிகாட்டுதல், நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோபிதான் ஒரே உறுதியான வழி என்ற பழைய நிலையை விட்டுவிட்டது. ஸ்கேன், எம்ஆர்ஐ முடிவுகளை ஏற்கும் ஆய்வுகளும் உண்டு. இருந்தாலும் பெரிய மருந்து ஆய்வுகள் பலவும், குறிப்பிட்ட வருடங்களுக்குள் அறுவையில் உறுதி செய்தவர்களைத்தான் கேட்டிருக்கின்றன.

இவற்றோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இதுவரை எடுத்த ஹார்மோன் மருந்துகள் எல்லாம், தொடங்கிய மாதம், நிறுத்திய மாதம், ஏன் நிறுத்தினீர்கள் என்று. கருத்தடை மாத்திரை, டயனோஜெஸ்ட், ஹார்மோன் காயில், ஊசி எதையும் விடாதீர்கள். கடைசி மூன்று மாதவிடாயின் தேதி. இப்போது எடுக்கும் வலி மாத்திரைகள். அடினோமயோசிஸ் (அதே மாதிரித் திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது), ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைதல், எலும்பு பலவீனம், மன அழுத்தம் இருந்தால் அதுவும். இதில் கடைசி மூன்றை மறைக்கத் தோன்றும், வாய்ப்பு போய்விடுமோ என்ற பயத்தில். மறைக்கவே கூடாது. அவற்றை ஏன் கேட்கிறார்கள் என்றால், இந்த ஹார்மோன் மருந்துகள் சரியாக அந்த இடங்களில்தான் கை வைக்கும்.

எங்கே தேடுவது

நடக்கும் ஆய்வுகள் பொதுப் பதிவேடுகளில் பதிவாகியிருக்க வேண்டும். அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ், பிரிட்டனில் இருந்து இயங்கும் ஐஎஸ்ஆர்சிடிஎன், இந்தியாவின் சிடிஆர்ஐ என்று பல உண்டு. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடிஆர்பி தளம் இருக்கிறது. நோயின் பெயரைப் போட்டு, "ஆள் சேர்க்கிறோம்" என்ற நிலையிலுள்ளவற்றை மட்டும் வடிகட்டுங்கள். உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் கேளுங்கள். அவர் சொல்லும் ஆய்வையும் பதிவேட்டில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே அந்த ஆய்வு நல்லது என்று யாரும் சான்று கொடுத்துவிடவில்லை. கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் தளமே அதைத் தன் பக்கத்தில் சொல்கிறது. பதிவு எண் இல்லாதது, நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் காட்டத் தயங்குவது, "நிச்சயம் குணமாகும்" என்று சொல்வது, ஆய்வு மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்பது. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். முறையான ஆய்வில் உங்கள் போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தருவார்கள். உங்கள் பையில் கை விட மாட்டார்கள்.

தகுதித் தேர்வு

முதலில் தொலைபேசியில் கால் மணி நேரம் கேள்வி கேட்பார்கள். பிறகு நேரில் வரச் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை, யோனிவழி ஸ்கேன். சில மருந்து ஆய்வுகளில் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் கருப்பை உட்படலத் திசுப் பரிசோதனையும் உண்டு. கடைசியாகச் சொன்னது வலிக்கும். வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒரு துணையோடு போயிருப்பேன்.

ஹார்மோன் மருந்து எடுப்பவர்களை, அது உடலை விட்டு வெளியேறச் சில வாரமோ சில மாதமோ நிறுத்தச் சொல்வார்கள். பல பெண்களுக்கு முழு ஆய்விலும் கொடுமையான காலம் அதுதான். அடக்கி வைத்திருந்த வலி திரும்பி வரும். அந்த நாட்களில் எந்த வலி மாத்திரைக்கு அனுமதி, எத்தனை வரை, யாரைக் கூப்பிடுவது என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். "எப்படியாவது தகுதி பெற்றுவிடலாம்" என்று நீங்களாகவே மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். தகுதி கிடைக்காவிட்டால் வலி மட்டும்தான் மிஞ்சும்.

கருத்தரிக்க முயல்பவர்களுக்குப் பெரும்பாலான மருந்து ஆய்வுகளில் இடமில்லை. ஆய்வு முழுவதும் ஹார்மோன் இல்லாத கருத்தடை முறையைப் பயன்படுத்தச் சொல்வார்கள். குழந்தை வேண்டும் என்று ஒரு பக்கமும் வலி நிற்க வேண்டும் என்று இன்னொரு பக்கமும் இழுபடுகிறவர்கள், இதைத் துணைவரோடு உட்கார்ந்து பேசாமல் முடிவெடுக்க வேண்டாம். அந்த 6 மாதமோ ஒரு வருடமோ உங்கள் வயதில் எவ்வளவு கனம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நான் திருப்பி அனுப்பப்பட்டதற்குக் காரணம், என் வலி நாட்களின் எண்ணிக்கை அவர்கள் கேட்டதைவிட 2 குறைவு. "உங்கள் வலி போதாது" என்று கேட்டதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். பின்னால்தான் புரிந்தது. வலி மிகக் குறைவாக உள்ளவர்களைச் சேர்த்தால் மருந்து குறைத்ததா என்று அளக்கவே முடியாது. அந்த வரம்பு கணக்குக்காகப் போட்டது. யாருடைய வலி நிஜம் என்று தீர்ப்புச் சொல்ல அல்ல.

ஒப்புதல் படிவம்: இங்கே நிதானியுங்கள்

மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கு உலகம் முழுவதும் அடிப்படையாக இருப்பது 1964-இல் உருவான ஹெல்சிங்கி பிரகடனம். 2024 திருத்தத்தில் "ஆய்வுக்கு உட்படுபவர்" என்ற பொருள்படும் பழைய சொல்லை எடுத்துவிட்டு, "பங்கேற்பாளர்" என்று மாற்றினார்கள். படிவத்தைக் கையில் வாங்கும்போது அந்தச் சொல்லை மனதில் வையுங்கள். நீங்கள் பங்கேற்பவர். கேட்க உரிமை உண்டு.

வீட்டுக்கு எடுத்துப்போங்கள். உங்களுக்குச் சரளமான மொழியில் கேளுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நான் இரண்டாவது முறை அப்படிப் போட்ட கோடுகள் 23. ஒருங்கிணைப்பாளர் ஒன்றரை மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் கட்டாயம் கேட்கச் சொல்லும் கேள்விகள்:

- இந்த ஆய்வில் சேராவிட்டால் எனக்கு வேறு என்ன சிகிச்சை இருக்கிறது?
- எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், மாதவிடாய் நாளில் வர வேண்டியிருக்குமா?
- ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, இழப்பீடு உண்டா, எங்கே எழுதியிருக்கிறது?
- என் மாதிரிகளை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், வேறு ஆய்வுக்கோ வேறு நிறுவனத்துக்கோ கொடுப்பீர்களா, மரபணுவைப் பார்ப்பீர்களா, பின்னால் அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா?
- ஆய்வுக்குப் பணம் யார் தருகிறார்கள்?
- மருந்து எனக்கு வேலை செய்தால், ஆய்வு முடிந்த மறுநாள் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 6 மாதம் வலியில்லாமல் இருந்துவிட்டு மறுநாள் வெறுங்கையோடு நிற்பது என்ன கொடுமை என்று அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சில ஆய்வுகளில் மருந்தைத் தொடர்ந்து தரும் நீட்டிப்பு ஆய்வு இருக்கும். இருக்கிறதா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் சொந்த மருத்துவரே ஆய்வாளராகவும் இருந்தால் "வேண்டாம்" என்று சொல்வது சங்கடம். அப்போது குழுவில் உள்ள வேறொருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். சேர மறுத்தாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது என்பது விதி. கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதியை வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

குலுக்கலும் போலி மருந்தும்

எந்தப் பிரிவில் போவீர்கள் என்பதை நீங்களும் தீர்மானிக்க முடியாது, மருத்துவரும் தீர்மானிக்க முடியாது. கணினி தீர்மானிக்கும். இரட்டை மறைப்பு ஆய்வென்றால் டப்பாவில் இருப்பது மருந்தா போலியா என்று இருவருக்குமே தெரியாது.

போலி மருந்து எதற்கு என்ற கேள்விக்கு எண்களே பதில். எலகோலிக்ஸ் என்ற மருந்துக்கான இரண்டு பெரிய ஆய்வுகள் 2017-இல் வெளியாயின. முதலாவதில், 3-வது மாதத்தில் மாதவிடாய் வலி கணிசமாகக் குறைந்தவர்கள், அதிக அளவு மருந்து எடுத்தவர்களில் 75.8 சதவீதம், குறைந்த அளவில் 46.4, போலி மருந்தில் 19.6. ரெலுகோலிக்ஸ் கூட்டு மருந்துக்கான ஸ்பிரிட் ஆய்வுகள் 2022-இல் வந்தன. அந்த இரண்டு ஆய்விலும் மாதவிடாய் வலி குறைந்தவர்கள் மருந்துப் பிரிவில் 75 சதவீதம், போலியில் ஒன்றில் 27, மற்றதில் 30. மாதவிடாய் அல்லாத நாட்களின் இடுப்பு வலிக்கு வந்தால் போலி மருந்திலேயே 40, 43 சதவீதம் பேர் முன்னேற்றம் கண்டார்கள். போலிப் பிரிவு என்ற ஒன்று இல்லையென்றால் அந்த 40 சதவீதத்தையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

நான் போலி மருந்துப் பிரிவில் இருந்தேன். ஆய்வு முடிந்து வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாவது மாதத்தில் எனக்கு நிஜமாகவே வலி குறைந்திருந்தது, குறிப்பேட்டில் இருக்கிறது. அப்படியானால் என் வலி பொய்யா? இல்லை. கூடுதல் கவனிப்பு, நம்பிக்கை, நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்து நிஜ வலியையே குறைக்கும். போலி மருந்தில் வலி குறைந்ததைக் காட்டி யாராவது "பார், எல்லாம் மனசுதான்" என்றால் நம்பாதீர்கள்.

தினமும் ஒரு எண்

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரவு 9 மணிக்குக் கைப்பேசி ஒலிக்கும். இன்று மாதவிடாய் இருந்ததா? வலி 0 முதல் 10 வரை எவ்வளவு? எத்தனை வலி மாத்திரை? உறவின்போது வலித்ததா? ஒரு நிமிட வேலை.

அந்த ஒரு நிமிடத்தில் நான் பட்ட பாடு சொல்கிறேன். வயிற்றில் சுடுநீர்ப் பையோடு ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். திரையில் 6, 7 இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் நிற்கிறது. காலையில் 8 இருந்தது. மாத்திரை போட்ட பிறகு 4. இப்போது மறுபடி ஏறுகிறது. என்ன போடுவது? கேள்வியை மறுபடி படித்தேன்: "கடந்த 24 மணி நேரத்தில் இருந்த மிக மோசமான வலி." அப்படியானால் 8. கேள்வி சராசரியைக் கேட்கிறதா, உச்சத்தைக் கேட்கிறதா, இந்த நொடியைக் கேட்கிறதா என்பதை முதல் நாளே படித்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

அதோடு உங்கள் எண்களுக்கு உங்கள் உடலிலிருந்தே ஒரு பொருளை முதல் வாரத்தில் தீர்மானியுங்கள். எனக்கு 4 என்றால் பேசிக்கொண்டே வேலை செய்யலாம். 7 என்றால் பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சைப் பிடிப்பேன். 9 என்றால் குளியலறைத் தரை. இதை ஒரு அட்டையில் எழுதி ஒட்டி, கடைசி நாள் வரை அதையே பார்த்தேன். நடுவில் அளவுகோலை மாற்றினால் அதுவரை கொடுத்த எண்கள் வீண்.

விட்டுப்போன நாட்களை வார இறுதியில் ஞாபகத்தில் இருந்து நிரப்பாதீர்கள். ஞாபகம் மோசமான நாளையும் கடைசி நாளையும்தான் பிடித்து வைத்திருக்கும். விட்டது விட்டதாகவே இருக்கட்டும், ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். போட்ட வலி மாத்திரையை மறைக்காதீர்கள். எலகோலிக்ஸ், ஸ்பிரிட் ஆய்வுகளில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது என்று சொல்ல வலி குறைந்தால் மட்டும் போதாது, வலி மாத்திரை கூடாமலும் இருக்க வேண்டும். நீங்கள் மறைத்த 2 மாத்திரை, வேலை செய்யாத மருந்தை வேலை செய்ததாகக் காட்டிவிடும். அன்பாகப் பேசும் குழுவினரைச் சந்தோஷப்படுத்தக் குறைந்த எண்ணைப் போடத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் 8.

உடலில் மாற்றம் தெரிந்தால், விலக நினைத்தால்

ஆய்வு அடையாள அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் காட்டுங்கள். அவசரம் என்றால் டப்பாவில் இருந்தது மருந்தா போலியா என்று மறைப்பை உடைத்துப் பார்க்க வழி உண்டு. ஜலதோஷம் முதல் மனச்சோர்வு வரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். இதற்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்காது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்துகளில் உடல் சூடேறி வியர்ப்பது, தூக்கம் கெடுவது, எலும்பு அடர்த்தி குறைவது தெரிந்த விளைவுகள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.

எந்த நாளிலும், எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். ஆனால் காணாமல் போய்விடாதீர்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகினால், மருந்தைப் பாதுகாப்பாக நிறுத்தும் முறையைச் சொல்வார்கள், கடைசிப் பரிசோதனைகளைச் செய்வார்கள். அதுவரை சேர்ந்த தகவல் பொதுவாக ஆய்விலேயே இருக்கும். மாதிரிகளை என்ன செய்வார்கள் என்பது நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் இருக்கும்.

முடிந்த பிறகு

கடைசிச் சந்திப்பிலேயே மூன்றைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பரிசோதனை முடிவுகளின் பிரதி. நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று எப்போது சொல்வார்கள் என்பது. முழு முடிவு வெளியானால் உங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பது. வழக்கமான மருத்துவரோடு அடுத்த சந்திப்பை ஆய்வு முடியும் முன்பே பதிவு செய்து வையுங்கள். மருந்து நின்ற அந்த வாரத்தில் உங்களுக்கு ஒருவர் வேண்டும்.

முடிவு வர வருடக்கணக்கில் ஆகலாம். வரும்போது "வித்தியாசம் இல்லை" என்றும் வரலாம். பிரிட்டனில் 405 பெண்கள் கலந்துகொண்ட பிரீ-எம்ப்ட் ஆய்வு, அறுவைக்குப் பின் நீண்டநாள் வேலை செய்யும் புரொஜெஸ்டோஜென் என்ற ஹார்மோன் மருந்துக்கும் சாதாரணக் கூட்டுக் கருத்தடை மாத்திரைக்கும் 3 வருடம் கழித்து வலியில் வித்தியாசம் இல்லை என்று 2024-இல் சொன்னது. இரண்டிலுமே வலி குறைந்திருந்தது. அந்த 405 பேர் பொறுமையாக நிரப்பிய கேள்வித்தாள்களால், இன்று ஒரு பெண் மருத்துவர் முன் உட்கார்ந்து "இரண்டில் எனக்கு எது ஒத்துப்போகிறதோ அதைக் கொடுங்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம்.

உங்கள் ஆய்வின் பதிவு எண்ணைக் குறித்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். "முடிந்தது" என்று வந்து நெடுநாளாகியும் முடிவு எதுவும் ஏறவில்லை என்றால், தகவல் தாளின் கடைசிப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு நாலு வரி எழுதுங்கள். என் முதல் ஆய்வுக்கு, அந்த 14 பக்கத் தாளைத் தேடி எடுத்து, அப்படித்தான் எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. என் திசு இன்னும் உறைநிலைப் பெட்டியில் இருக்கிறதாம், எந்தெந்த ஆய்வுக்குப் போனது என்று ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார்கள்.